மருந்து தரும் உயிரிகள்: விஷமுறி மருந்தின் கதை

(எமது கல்லூரிப் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்காக நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கல்லூரியில் படித்து வைத்தியத்துறைக்குச் சென்றவர்கள் சார்பில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. ஆகவே இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம், இந்த ஆய்வுகூட மேசைகளில் கரப்பானையும் செவ்வரத்தம் பூவையும் வெட்டிப் பார்த்துப் பின்னர் நாட்டின் பல திசைகளிலும் வைத்தியசாலை விடுதிகளுக்குப் போன எல்லோரையும் சேர்த்தே சொல்கிறோம்.

தரப்பட்ட தலைப்பு, விலங்கு, தாவரம், நுண்ணங்கி ஆகியவற்றில் பிரயோக உயிர்த்தொழினுட்பம் என்பது. நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் இது பரீட்சைக்கு மனனம் செய்யும் ஒரு பட்டியலாகவே இருந்தது. தயிர், பாண், பெனிசிலின், இழைய வளர்ப்பு என்று வரிசையாகச் சொல்வோம். வைத்தியசாலைக்குப் போன பின்னர்தான் அந்தப் பட்டியலுக்கு முகங்கள் கிடைத்தன. விடுதியின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், உயிருள்ள ஒன்றின் உழைப்பில்லாமல் வந்த மருந்து அதற்குள் மிகக் குறைவு. அதிலிருந்து சிலவற்றை எடுத்துப் பேச நினைக்கிறோம். மற்றவற்றைச் சுருக்கமாகவும் விஷமுறி மருந்தை விரிவாகவும் சொல்லப்போகிறோம். அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் இன்சுலின். 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் நாயின் சதையியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, மாட்டின் சதையியிலிருந்து எடுத்தது, முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ 60 ஆண்டுகள் உலகின் நீரிழிவு நோயாளர் மாட்டையும் பன்றியையும் நம்பியே வாழ்ந்தார்கள். 8 அவுன்ஸ் இன்சுலின் பெற 2 தொன் பன்றிச் சதையி வேண்டியிருந்தது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தாலும் மாட்டினுடையது மூன்றாலும் வேறுபடும். சிலருடைய உடல் அந்தச் சிறு வேற்றுமையையும் ஏற்காது, தோல் தடிக்கும்.

1978 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித இன்சுலினுக்கான பரம்பரையலகை ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் புகுத்தி, அதனைக் கொண்டே மனித இன்சுலினைச் செய்வித்தார்கள். 1982 இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. நமது குடலில் சாதாரணமாக வாழும் ஒரு நுண்ணங்கி, இரும்புத் தொட்டிக்குள் பெருகி, மாட்டையும் பன்றியையும் அந்த வேலையிலிருந்து விடுவித்தது. 1986 இல் ஈரல் அழற்சி பி தடுப்பூசியும் இதே வழியில் வந்தது. அதுவரை நோய்க்காவிகளின் குருதியிலிருந்து எடுக்கப்பட்ட புரதத்தை இப்போது மதுவம் செய்து தருகிறது. தங்கைகளே, உங்களில் பலர் குழந்தைப் பருவத்தில் அந்த ஊசியைப் போட்டிருப்பீர்கள்.

தாவரத்துக்கு ஓர் உதாரணம். பட்டிப்பூ எங்கள் கோயில் வீதிகளிலும் வளவுகளிலும் யாரும் நீரூற்றாமலே நிற்கும் செடி. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின் அதன் இலையிலிருந்து வருவது. 1 கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். 2022 இல், இதே குடும்ப மருந்தான வின்பிளாஸ்ரினுக்கு வேண்டிய இரண்டு மூலக்கூறுகளை மதுவத்தைக் கொண்டு செய்யலாம் என்று காட்டியிருக்கிறார்கள். அதற்காக மதுவத்துக்குள் 30க்கும் மேற்பட்ட பரம்பரையலகு மாற்றங்களைச் செய்யவேண்டியிருந்தது.

விலங்கிலிருந்தும் தாவரத்திலிருந்தும் நுண்ணங்கிக்கு மாறும் இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியின் அடுத்த தட்டைப் பாருங்கள். அங்கே வெண்தூள் உள்ள சிறு குப்பிகள் இருக்கின்றன. பாம்புக் கடிக்கான விஷமுறி மருந்து அதுதான். அது இன்னும் குதிரையிலிருந்தே வருகிறது.

அதைச் செய்யும் முறை இது. பாம்பைப் பிடித்து, வாயைத் திறக்கச் செய்து, விஷத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுப்பார்கள். அதனை உறையவைத்து உலர்த்தினால் தூளாகிவிடும். அத்தூளை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசியாக ஏற்றுவார்கள். குதிரை பெரிய உடலும் நிறையக் குருதியும் உடையது, மனிதரோடு பழகக்கூடியது. மாதக்கணக்கில் அளவைக் கூட்டிக்கூட்டி ஏற்ற, அதன் உடலில் விஷத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் பெருகும். பின்னர் குருதியை எடுத்து, செங்குழியங்களைக் குதிரைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, திரவவிழையத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதனோடு பெப்சினைச் சேர்ப்பார்கள். இரைப்பையில் புரதம் சமிக்கும் பாடத்தில் நீங்கள் படித்த அதே நொதியம்தான். ‘வை’ எழுத்து வடிவிலுள்ள பிறபொருளெதிரியின் அடித்தண்டைப் பெப்சின் வெட்டிவிட, விஷத்தைப் பற்றிப்பிடிக்கும் இரு கைகளும் மிஞ்சும். அதைத் தூய்மையாக்கி, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைத்தால் மருந்து தயார்.

இந்த முறையை 1890களின் நடுப்பகுதியில் தொடக்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் அல்பேர் கல்மெற். பி.சி.ஜி. தடுப்பூசியின் நடுவிலுள்ள ‘சி’ என்ற எழுத்து அவருடைய பெயர்தான். எங்கள் எல்லோருடைய இடக்கையிலும் உள்ள தழும்பு அவரை நினைவூட்டும். நாகபாம்பின் விஷத்தைக் கொண்டு அவர் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். பிரேசில் நாட்டு வைத்தியர் வைற்றல் பிரசில் அதைத் தம் நாட்டுப் பாம்புகளிடம் சோதித்தபோது பயன் தரவில்லை. எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்குக் கொடுத்தோமோ அந்தப் பாம்புக்கும் அதன் நெருங்கிய உறவுக்குமே மருந்து வேலை செய்யும் என்பதை அவர் நிறுவினார். 1901 இல் சாவோ பாவுலோவில் தொடங்கப்பட்ட புட்டன்ரான் நிறுவகத்தின் முதல் பணிப்பாளர் அவரே. அந்நிறுவகம் இன்றும் தன் நாட்டுப் பாம்புகளுக்குத் தானே மருந்து செய்கிறது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்னர் தெளிவாகிவிட்ட இந்த விதியை வைத்துக்கொண்டு, நமது நாட்டைப் பார்ப்போம்.

இலங்கையில் நாங்கள் பாவிப்பது இந்தியாவில் செய்யப்படும் மருந்து. அது நான்கு பாம்புகளுக்கானது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போகிறது. சென்னைக்கு அருகே 1978 இல் இருளர் மக்கள் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதை எடுத்து வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடம் பார்த்துப் பழகிய அம்மக்களின் கைத்திறமை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, எங்கள் விடுதிகளிலும்தான். அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள்.

ஆனால் அந்தப் பாம்பு இந்த மண்ணின் பாம்பு அல்ல. பெயரும் இனமும் ஒன்றானாலும் வாழும் இடத்துக்கேற்ப விஷத்தின் கலவை மாறும். இலங்கைக் கண்ணாடி விரியன் கடித்தால் குருதி உறையாமற் போவதோடு, கண்ணிமை சரிந்து நரம்பும் தளர்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இந்தியாவின் பல பகுதிகளில் அது அவ்வளவு வழக்கமில்லை. நல்ல வேளையாக இந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் அம்மருந்து இங்கும் பெருமளவு உதவுகிறது.

ஐந்தாவது ஒரு பாம்பு இருக்கிறது. மூக்கு நுனி சற்று மேலே தூக்கிய, சருகின் நிறத்திலுள்ள, பெரும்பாலும் ஒன்றரை அடிக்கு மேல் வளராத குழிவிரியன். சிங்களத்தில் குணகட்டுவா, பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். இதில் மூன்று இனங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இறப்பர்த் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் தென்னந்தோப்பிலும் சருகுக்குள் சுருண்டு கிடக்கும். நமது நாட்டில் விஷப்பாம்புக் கடிகளில் மிகக் கூடுதலானவை இதனுடையவை. பெரும்பாலானோருக்குக் காலோ கையோ வீங்கி வலித்துச் சில நாளில் மாறிவிடும். சிலருக்கு மட்டும் குருதி உறையாது, சிறுநீரகம் செயலிழக்கும். அவர்களுட் சிலர் இறப்பர், சிலர் வாழ்நாள் முழுதும் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு வாழ்வர்.

இதற்கு எங்களிடம் விஷமுறி மருந்து இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலுள்ள குப்பி இந்தப் பாம்புக்கு உதவாது. கொழுந்து பறிக்கப் போய்க் கடிபட்டு வந்த ஒரு தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு ஊசி ஒன்று போடும்படி உறவினர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்களிடம், “அம்மா, இந்தப் பாம்புக்கு மருந்து செய்யப்படவில்லை” என்று சொல்லிவிட்டு, சிறுநீர் அளவையும் குருதி உறைவையும் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கத்தான் எங்களால் முடியும். மலைநாட்டிலும் தென்னிலங்கையிலும் வேலை செய்த எங்களுள் பலர் இதைச் சொல்லியிருக்கிறோம்.

மருந்து உள்ள பாம்புக்கும் சங்கடம் உண்டு. குதிரையின் புரதத்தை மனித நாளத்துக்குள் பெருமளவில் ஏற்றுகிறோம். ஒருவருக்கு 10 குப்பி, சிலவேளை 20 குப்பி வேண்டும். உடல் அதை அந்நியமென்று கண்டு எதிர்க்கும். நடுக்கம், தடிப்பு, மூச்சிரைப்பு, குருதியமுக்க வீழ்ச்சி எல்லாம் வரும். பாம்பிலிருந்து தப்பியவர் மருந்தில் மாட்டிக்கொள்ளலாம். இங்கே நமது நாட்டு வைத்தியர்கள் செய்த ஒரு பணியை நீங்கள் அறியவேண்டும். இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஏதோவொரு எதிர்த்தாக்கம் வந்தது. மருந்தேற்றுவதற்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான தாக்கங்கள் 43 வீதம் குறைகின்றன என்று கண்டார்கள். வழக்கமாகக் கொடுத்துவந்த வேறு இரண்டு மருந்துகளால் அந்தப் பயன் இல்லை என்பதும் தெரிந்தது. 2011 இல் வெளியான அந்த ஆய்வினால் எங்கள் விடுதி வழக்கமே மாறியது. அட்ரினலின் விலை குறைந்த பழைய மருந்து. யாராவது சரியான கேள்வியைக் கேட்டு, பொறுமையாக எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனி, எங்களுக்குள் நாங்கள் பலமுறை பேசிக்கொண்ட கேள்விக்கு வருகிறோம். இன்சுலின் 1982 இல் விலங்கை விட்டு வெளியேறியது. விஷமுறி மருந்து மட்டும் ஏன் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் குதிரை லாயத்தில் நிற்கிறது?

விடையின் ஒரு பாதி உயிரியலில் இருக்கிறது. இன்சுலின் ஒற்றைப் புரதம். அதற்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் வைத்தால் வேலை முடிந்தது. பாம்பு விஷமோ பல பத்துப் புரதங்களின் கூட்டு. ஒன்று நரம்பைத் தாக்கும், ஒன்று குருதியை உறையவிடாது, ஒன்று தசையை அழிக்கும். அத்தனைக்கும் எதிராக ஒரே வேளையில் பிறபொருளெதிரி செய்யக்கூடிய தொழிற்சாலை குதிரையின் உடல்தான்.

மறுபாதி உயிரியலில் இல்லை. நீரிழிவு பணக்கார நாடுகளிலும் உள்ள நோய். மருந்தை வாங்க ஆளுண்டு, ஆராய்ச்சிக்குப் பணமுண்டு. பாம்பு கடிப்பது வயலில் வெறுங்காலோடு நிற்கும் கமக்காரனை, கொழுந்து பறிக்கும் பெண்ணை, தரையில் பாய் விரித்துப் படுக்கும் குழந்தையை. 2012-13 இல் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் 80,000க்கு மேற்பட்டோர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர். 30,000க்கு மேற்பட்டோரின் உடலில் விஷம் ஏறுகிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். இவ்வளவு இருந்தும், உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பவலய நோய்களின் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது 2017 இல்தான். குழிவிரியனின் கடியை எடுத்துக்கொண்டால், அதற்கு மருந்து கேட்டு வெளிநாட்டுக் கம்பனி எதுவும் வரப்போவதில்லை. கேட்கவேண்டியவர்களும் செய்யவேண்டியவர்களும் நாமே.

செய்யமுடியுமா என்று கேட்பீர்கள். கொஸ்ரா ரிக்கா ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் வாழும் நாடு, நமது சனத்தொகையில் காற்பங்கு. அங்கே 1970 இல் தொடங்கிய குளோடோமீரோ பிக்காடோ நிறுவகம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரியது. தன் நாட்டுக்கு மட்டுமன்றி அயல்நாடுகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் விஷமுறி மருந்து செய்து கொடுக்கிறது. அந்நிறுவகத்தோடு நமது பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைகோத்தார்கள். இலங்கைப் பாம்புகளின் விஷத்தையே குதிரைக்குக் கொடுத்து, குழிவிரியனையும் உள்ளடக்கிய ஒரு மருந்தை உருவாக்கினார்கள். ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016 இல் வெளியாயின. குழிவிரியனின் விஷத்தை அது செயலிழக்கச் செய்தது.

அந்த மருந்து இன்னும் எங்கள் விடுதிகளுக்கு வழக்கமான பாவனைக்கு வந்து சேரவில்லை. ஆய்வுகூடத்துக்கும் விடுதிக்கும் இடையில் நீண்ட வழி இருக்கிறது. பாம்புகளைப் பேணும் நிலையம் வேண்டும், குதிரைகளைப் பராமரிக்கக் கால்நடை வைத்தியர் வேண்டும், புரதத்தைத் தூய்மையாக்கத் தெரிந்த உயிரிரசாயனவியலாளர் வேண்டும், தரம் பார்க்க நுண்ணுயிரியலாளர் வேண்டும். நோயாளரிடம் முறையாகச் சோதிக்க வைத்தியர், எண்களைச் சரிபார்க்கப் புள்ளிவிபரவியலாளர், சட்டம் அறிந்தவர், கணக்காளர் என்று பட்டியல் நீளும். தங்கைகளே, இதில் வைத்தியர் ஒருவர் மட்டுமே.

இதை இந்த மண்டபத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயிரியல் படித்து வைத்தியபீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமற் போன பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டில் இருப்பதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். பெற்றோரும் ஊரவரும் அதை ஒரு தோல்வியாகவே பேசுகிறார்கள். கால்நடை வைத்தியம், விவசாயம், மூலக்கூற்று உயிரியல், உயிர்முறைமைகள் தொழினுட்பம் ஆகியவற்றை இரண்டாந்தரம் என்று எண்ணுகிறார்கள். நாங்கள் விடுதியில் நின்று சொல்கிறோம்: குழிவிரியன் கடித்து வருபவருக்கு நூறு வைத்தியர் சூழ நின்றாலும் கொடுக்க மருந்தில்லை. அந்த மருந்தைச் செய்யத் தெரிந்த பெண் ஒருத்தி இந்தக் கல்லூரியிலிருந்து புறப்பட்டால், எங்கள் எல்லோரையும்விட அவள் கூடுதல் உயிர்களைக் காப்பாற்றுவாள்.

அவள் வரும்போது குதிரை தேவைப்படாமலும் இருக்கலாம். 2025 இல், நாக இனத்தின் முக்கிய நஞ்சு வகையொன்றைப் பற்றிப்பிடிக்கும் சிறு புரதங்களைக் கணினியில் வடிவமைத்து, பற்றீரியாவைக் கொண்டு உற்பத்தி செய்து, எலிகளைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறார்கள். இன்சுலின் நடந்த பாதையில் விஷமுறி மருந்தும் அடியெடுத்து வைத்திருக்கிறது. ஆனால் யாருடைய பாம்பு முதலில் கணினிக்குள் போகும் என்பதை அங்கே இருக்கப்போகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

நிறைவாக, இன்றே வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டாம். கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள், பணம் எதுவும் தேவையில்லை. பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போகவேண்டாம். எட்ட நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், எந்தப் பாம்பென்று அறிவது எங்களுக்குப் பேருதவி. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது, ஆகவே விடியும்வரை பொறுத்துப் பார்க்கவேண்டாம். கட்டில் இல்லாத வீட்டிலும் பாயைச் சுற்றி நுளம்பு வலையைச் செருகிக்கொண்டு படுக்கலாம். இருட்டில் ரோச் லைற் இல்லாமல் வெளியே இறங்கவேண்டாம்.

ஊரிலுள்ள விஷகடி வைத்தியரிடம் முதலில் போவோர் இன்னும் பலர். அப்பெரியவர்களுட் பலர் பாம்பை அடையாளம் காண்பதில் எங்களைவிட வல்லவர்கள். “இது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கடி” என்று அவர்களே வாகனம் பிடித்து அனுப்பிய நோயாளரை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களை மதித்துப் பேசினால் காலதாமதம் குறையும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் வேண்டுமா என்று கேட்ட ஊரில் இக்கல்லூரி எழுந்தது. எங்களுக்கு விஞ்ஞானம் வேண்டும் என்று வாதாடி ஆய்வுகூடம் பெற்றுத் தந்த ரீச்சர்மாரை நாங்கள் இவ்வேளை நன்றியோடு நினைக்கிறோம். உயர்தர வகுப்புத் தங்கைகளுள் எவருக்காவது இந்தத் துறைகளைப் பற்றி விசாரிக்க விருப்பமிருந்தால், சங்கச் செயலாளர் ஊடாக எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி, எவ்வளவு காலம் என்பதையெல்லாம் தேடிச் சொல்ல எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.